தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் கொமெட்

"தம்பி, தொட்டிக்குள்ள ஒரு அஞ்சாலை புகுந்திட்டுது, வந்து எடுத்துத் தாங்கோ" என்று கொழும்பு, வெள்ளவத்தையில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அஞ்சாலை என்பது கற்பொந்துகளில் வாழும், பாம்பு போன்ற உடல் கொண்ட மீன். கடல்நீர் மீன் தொட்டிகளைப் பராமரிப்பது எனது தொழில். நான் போய்ச் சேர்வதற்குள் ஐயா கற்களில் பாதியை வாளிக்குள் அடுக்கிவிட்டிருந்தார்; எஞ்சிய ஒரு பொந்துக்குள், மூன்று கிழமைகளுக்கு முன் வாங்கி, செத்துவிட்டதென அவர் கைவிட்டிருந்த கொமெட் மீன் தலையைச் செருகியபடி கிடந்தது.

அவர் கண்டது அதன் வாலைத்தான். கரிய உடலெங்கும் வெண்புள்ளிகள் கொண்ட இம்மீனின் முதுகுத் துடுப்பின் பின்னடியில், வெளிர் வளையம் சூழ்ந்த கரும்பொட்டு ஒன்று உண்டு. ஆபத்தை உணர்ந்தால் அது முழுவதுமாக ஒளிவதில்லை. தலையை மட்டும் உள்ளே நுழைத்துத் துடுப்புகளை விரிக்கும்போது, அப்பொட்டு கண்ணாகவும், வாலுக்கும் குதத் துடுப்புக்கும் இடையிலுள்ள பிளவு வாயாகவும் தோன்றி, புள்ளி அஞ்சாலையொன்று பொந்திலிருந்து எட்டிப்பார்ப்பதாகவே தெரியும். இப்பாவனையை 1977இல் ஜோன் மக்கொஸ்கர் என்ற ஆய்வாளர் விவரித்து எழுதினார். வேட்டை மீன்களை ஏய்க்கும் வேடத்துக்கு வெள்ளவத்தை ஐயா ஏமாந்ததில் வியப்பில்லை.

செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரையுள்ள முருகைக்கற்பாறைகளில் வாழ்ந்தாலும், சுமார் 20 சென்ரிமீற்றர் வரை வளரும் இம்மீன் பகலில் குகைகளை விட்டு வெளிவராததால், சுழியோடிகளின் கண்ணிலும் அரிதாகவே படுகிறது. இருட்டிய பின்னரே இறாலையும் சிறுமீன்களையும் தேடிப் புறப்படும். இதை அறியாமல் நண்பகலில், பளிச்சென்ற விளக்கின் கீழ் தீனியைத் தூவினால், துடியான மீன்கள் அனைத்தையும் விழுங்கிவிட, கொமெட் பொந்துக்குள்ளேயே மெலிந்து சாகும். நான் பார்த்த இறப்புகளில் நோயைவிடப் பட்டினியே அதிகம். கல்லைப் புரட்டித் தேடுவது அதனை மேலும் மிரளவைக்கும்.

விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, கூனி இறாலைக் குழாய் வழியாகப் பொந்தின் வாயிலருகே விடுங்கள். இலங்கையில் 2022இன் நீண்ட மின்வெட்டு இரவுகளில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் தங்கள் கொமெட்டை முதன்முதலாக முழுதாகப் பார்த்ததாகச் சில வாடிக்கையாளர்கள் கூறியிருக்கிறார்கள். காற்றுப் பம்ப் நின்றுபோன கவலையிலும் அவர்கள் அதை ரசித்தது எனக்கு நினைவிருக்கிறது.

வாங்கும்போது, அது இரை எடுப்பதைக் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றியிருந்தால் வாங்காதீர்கள். தொட்டியில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட குஞ்சு கிடைத்தால் அதையே தெரிவுசெய்யுங்கள். கூடவே அலங்கார இறால்களை வளர்ப்பவராயின், கொமெட்டை மறந்துவிடுவதே நல்லது. ஓரிரு இரவுகளில் இறால்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கும்.