வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குள் ஊறிப்போகும் கால்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை வந்தவருக்கு 46 வயது. சென்னை ஓஎம்ஆரில் வேலை, 8 வருடமாகச் சர்க்கரை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு நாள் மழையில் நடந்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸில் தூங்கி, விடிந்ததும் நேராக என் கிளினிக்குக்கு வந்துவிட்டார். சாக்ஸை மெதுவாக உருவினேன். குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சாக்ஸோடு சேர்ந்து வந்துவிட்டது. நாள் முழுக்கத் துணி துவைத்த கை எப்படி இருக்கும்? பாதம் முழுக்க அப்படி வெளுத்துச் சுருங்கியிருந்தது. விரல் இடுக்குகளில் தோல் பிய்ந்திருந்தது.

“வலிக்கவே இல்ல டாக்டர். சாக்ஸ்ல ரத்தத்தைப் பார்த்துத்தான் பயந்துட்டேன்” என்றார். அடுத்ததாக அவர் கேட்டதற்காகத்தான் இந்தக் கட்டுரை: “ஷூ வாட்டர்ப்ரூஃப்தானே, அப்புறம் எப்படி டாக்டர் ஊறும்?”

இந்தக் கேள்வியை இந்த வருடத்தில் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! கேட்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், 15,000 ரூபாய்க்குக் குறையாமல் செலவழித்தவர்கள். அந்தச் செலவுதான் அவர்களை ஏமாற்றுகிறது.

அந்த ஷூவைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்றாம் நாள் பையில் போட்டு எடுத்து வந்தார். உள்ளே கைவிட்டேன், விரல் வைக்கும் பகுதி அப்போதும் ஈரம். நாக்கின் உட்புறத்தில் ‘400 கிராம்’ என்று ஒரு துணுக்கு தைத்திருந்தது. குளிர் தாங்குவதற்காக உள்ளே வைத்துத் தைக்கும் பஞ்சு அடுக்கின் கணக்கு அது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஆசையாக வாங்கி அனுப்பியதாம். அலாஸ்கா போன்ற குளிர் மலைகளில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான பூட்ஸ். ஒரு வாரத்துக்கான கூடாரம், சாப்பாடு எல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது இறைச்சியையும் சுமந்து இறங்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு உயரமான கணுக்கால் பிடிப்பும் வளையாத அடியும் பஞ்சு அடுக்கும் தேவை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். ஆனால் அந்த வேட்டைக்காரர்கள் எழுதும் ஷூ விமர்சனங்களைப் படித்துவிட்டு, அதே ஷூவோடு ஜூலை மாதம் வால்பாறைப் பக்கம் கிளம்பிவிடுகிறோம். அந்த ஷூவில் ஒரு தப்பும் இல்லை. இந்த மலைக்கு அதைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு.

வாட்டர்ப்ரூஃப் என்றால் என்ன என்று ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஷூக்கள் பெரும்பாலானவற்றில் மேல்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கோர்-டெக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவும் இதுதான். சவ்வில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறப் போதுமானவை. இவ்வளவையும் விளம்பரமே சொல்லிவிடுகிறது. ஆவி தானாக வெளியேறாது, உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் வெளியேறும் என்பதைத்தான் அது சொல்வதில்லை. பனிமலையில் அந்த வித்தியாசம் கிடைக்கும். மழைக்காலத்துச் சோலைக்காட்டில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆவி எங்கே போகும்? போதாததற்கு, மேல்தோல் நீரை உறிஞ்சிக் கனத்துவிட்டால் துளைகளின் வாயும் அடைபட்ட மாதிரிதான்.

அதாவது மழை உள்ளே வராமல் இருக்கலாம். வியர்வையும் வெளியே போகாது. சுமையோடு செங்குத்தாக ஏறுகிறவரின் பாதம் எவ்வளவு வியர்க்கும் என்பது அவர் சாக்ஸைப் பிழிந்து பார்த்த எனக்குத் தெரியும்.

அடுத்து, ஷூவின் வாய். முழங்கால் ஆழ ஓடையில் இறங்கினால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வரும். அதைத் தடுக்கும் சவ்வு உலகத்தில் எங்கும் கிடையாது. நாக்கு இரண்டு பக்கமும் எந்த உயரம் வரை தைக்கப்பட்டிருக்கிறதோ அதுவரைதான் பாதுகாப்பு. மழை பேன்ட்டில் வழிந்து சாக்ஸ் வழியாக இறங்கினாலும் அதே கதை. இப்படி உள்ளே போன தண்ணீர் சாதாரண வலைத்துணி ஷூவில் பத்து அடி எடுத்து வைப்பதற்குள் பிதுங்கி வெளியேறும். வாட்டர்ப்ரூஃப் ஷூவில் குடத்துத் தண்ணீர் போல அப்படியே நிற்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற சுவர், உள்ளே இருப்பதையும் தடுக்கும். தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. பனிக்காலத்தில் இமயமலையில் கேதார்கந்தா போகிறீர்கள், பனியில் நாள் முழுக்க நடக்கப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் வாங்குங்கள். அங்கே ஈரக்கால் என்பது விறைத்துப்போகும் கால். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் குளிர்ந்த சேற்றில் நின்று நின்று ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பாதங்கள் கெட்டுப்போனது மருத்துவப் படிப்பில் எங்களுக்குப் பாடம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் ரத்த ஓட்டம் சுருங்கிவிடும். ஆனால் நம் மலைகளில், மழையில், ஓடை கடக்கும் பாதையில் சீக்கிரம் காயும் ஷூவும் மாற்று சாக்ஸும்தான் என் சிபாரிசு. ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சிக்காக ஷூ தேட வேண்டாம், அதற்கு முழங்கால் வரை வரும் அட்டை உறை தனியாக விற்கிறார்கள்.

சாக்ஸ் என்றதும் ஒன்று. திருப்பூர்ப் பருத்தி நம் வெயிலுக்கு அருமையான துணி, பனியனாக. மலையில் காலுக்கு வேண்டாம். நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டு உரசும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை சாக்ஸ் வாங்குங்கள்.

இனி அளவு. கடையில் எல்லோரும் முதலில் கேட்பது “தண்ணி போகுமா?” என்றுதான். “இறங்கும்போது விரல் இடிக்குமா?” என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. ஏறும்போது குதிகால் கொப்புளிக்கும், இறங்கும்போது நகம் போகும். செங்குத்தான சரிவில் முதுகுச்சுமையும் சேர்ந்து தள்ள, பெருவிரல் ஒவ்வொரு எட்டிலும் ஷூவின் முனையில் போய் இடிக்கிறது. நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். அந்த நகம் விழுந்து முழுசாக வளர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும்.

ஷூ வாங்க மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி மலையில் இருக்கும் அளவுக்கு வந்திருக்கும். மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸை மாட்டிக்கொள்ளுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையில் சாய்வுப் பலகை இல்லையென்றால் படிக்கட்டில் இறங்குங்கள், ஒருமுறை அல்ல, பத்து முறை. விரல் முட்டினால் அந்த ஷூ வேண்டாம். குதிகால் மேலே தூக்கினாலும் வேண்டாம். “போடப் போட சரியாயிடும் சார்” என்று கடைக்காரர் சொல்வார். அகலம் கொஞ்சம் இளகும், நீளம் இளகவே இளகாது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள்.

கனமான ஷூ பலம் என்று நினைக்காதீர்கள். காலில் கட்டும் ஒரு கிலோ முதுகில் ஏற்றும் ஒரு கிலோவைப் போல 4 முதல் 6 மடங்கு உழைப்பை வாங்குகிறது. 15 கிலோவுக்கு மேல் சுமந்து கரடுமுரடான பாறையில் நடப்பவருக்கு விறைப்பான அடியும் கணுக்கால் மூடிய ஷூவும் நியாயம். தண்ணீர் பாட்டிலும் புளிசாதமும் கொண்டு போகிறவருக்கு எதற்கு?

வாங்கியதை அப்படியே டப்பாவோடு மலைக்கு எடுத்துப்போவதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது. மூன்று வாரமாவது போட்டு நடங்கள். அடுக்குமாடியில் லிஃப்டை விட்டுவிட்டு, பையில் அரிசி மூட்டையோ தண்ணீர் பாட்டில்களோ போட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள். பரங்கிமலைப் படிகள் இருக்கின்றன, சென்னையில் இதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

நம் ஊரில் அதிகம் பார்க்கும் இன்னொரு தொல்லை, அலமாரியில் ஐந்தாறு வருடம் தூங்கிய ஷூ. அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரித்தேன் மெத்தை காற்றின் ஈரத்திலேயே மெல்லச் சிதையும். கடலோரச் சென்னையில் கேட்க வேண்டியதில்லை. பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், மலைமேல் இரண்டாவது மணி நேரத்தில் ரஸ்க் போல உதிர்ந்து அடி தனியாகக் கழன்றுவிடும். கிளம்புவதற்கு முன் பெருவிரலால் அந்த மெத்தையை அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் அந்த ஷூவோடு கிளம்பாதீர்கள். நனைந்த ஷூவை நெருப்பருகே காய வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள்.

கடைசியாகச் சர்க்கரை உள்ளவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கொப்புளம் வந்தால் மற்றவர்களுக்கு வலி சொல்லும், உங்களுக்கு அது சொல்லாமல் போகலாம். மலைக்குப் போகும் முன் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை, ஐந்து நிமிட வேலை. வெள்ளியங்கிரிக்கு வேண்டுதலோடு வெறுங்காலில் ஏறுகிறவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன், ஆனால் உணர்வு குறைந்த கால் உள்ளவர்கள் அப்படி ஏற வேண்டாம். நடக்கும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, துடைத்து, காற்றாட விட்டு, காய்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். ராத்திரி கூடாரத்தில் டார்ச் அடித்து அடிப்பாதம், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள், இதில் வெட்கம் எதற்கு? சிவந்த இடம் இருந்தால் அப்போதே பிளாஸ்டர் ஒட்டுங்கள். தோல் கிழிந்திருந்தால் அடுத்த நாள் நடை வேண்டாம், இறங்கி வந்துவிடுங்கள்.

முதலில் சொன்ன அந்த 46 வயதுக்காரருக்குப் புண் ஆற ஏழு வாரம் ஆனது. டிசம்பரில் மறுபடி போகலாமா என்று கேட்டார். புது ஷூவோடும் பையோடும் வரச் சொல்லியிருக்கிறேன். கிளினிக் மாடிப்படியில் அவரை நான்தான் ஏற்றி இறக்கப் போகிறேன்.