பழத்தின் மணம் போதும், தண்ணீர் வேண்டாம்: பரிசுக்கு ஃபட்ஜ் செய்பவர்களுக்கு

வீட்டிலிருந்தே இனிப்பு செய்ய விரும்பும் பெண்களுக்கு 12 ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். படித்தது உணவுத் தொழில்நுட்பம். சென்ற கோடையில் வகுப்புக்கு வந்த ஒருவர் ஒரு சிறிய பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மாம்பழ ஃபட்ஜ். சர்க்கரை, பால், வெண்ணெய் காய்ச்சித் துண்டு போடும் மெத்தென்ற இனிப்பு அது. அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்காக ஒவ்வொரு துண்டையும் தங்க நிறத் தாளில் சுற்றி, நாடா கட்டி, 60 பெட்டிகள் செய்து கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் அண்ணி தொலைபேசியில் அழைத்திருக்கிறார். தாளைப் பிரித்தால் துண்டின் அடியில் வெள்ளையாகப் பூசணம். “நல்ல இமாம்பசந்த் பழம்தான் வாங்கினேன், மேடம். வீட்டிலேயே அரைத்தேன். பாட்டில் எசன்ஸ் ஒரு சொட்டுகூட விடவில்லை. எங்கே தவறினேன்?” என்று கேட்கும்போது அவருக்குக் குரல் எழவில்லை.

அவர் பெருமையாகச் சொன்ன அந்த இடத்திலேயே தவறு இருந்தது. வீட்டில் அரைத்த பழக்கூழை அப்படியே ஊற்றியிருக்கிறார். மாம்பழச் சதையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 83 கிராம் தண்ணீர். அன்னாசியில் 86, ஸ்ட்ராபெர்ரியில் 91. ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், 300 கிராம் ஒயிட் சாக்லேட், ஒரு கிண்ணம் பழக்கூழ் என்று அவர் சொன்ன அளவைத் தாளில் எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் பெட்டியில் போன இனிப்பில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ஃபட்ஜ் என்ற பெயருக்குத் தகுந்த இனிப்பில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர் இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் பூசணம் குடியேறியது.

ஃபட்ஜ் அமெரிக்க இனிப்பு. நியூயார்க் மாநிலத்தில், அப்போது பெண்கள் கல்லூரியாக இருந்த வாஸரில் எமலின் ஹார்ட்ரிட்ஜ் என்ற மாணவி 1888இல் கல்லூரி ஏலம் ஒன்றுக்காக 30 பவுண்டு ஃபட்ஜ் செய்தார் என்பது பதிவான செய்தி. விடுதி அறைகளில் மாணவிகள் கிண்டிக் கிண்டி அது மற்றக் கல்லூரிகளுக்கும் பரவியது. பழைய முறையில் சர்க்கரை, பால், வெண்ணெய் மூன்றையும் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, 43 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, பிறகு கை ஓயக் கிண்டுவார்கள். இந்த வெப்பநிலை எண்களைச் சொன்னதும் வகுப்பில் எல்லோரும் மிரளுவார்கள். மிரள வேண்டியதில்லை. அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு இது தெரிந்த பதம்தான். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டு வருமே, அதே பதம். பாகு பதத்துக்கு வருவது என்றால் தண்ணீர் வெளியேறுவது. பாட்டிமார் தண்ணீர்க் கிண்ணத்தில் பார்த்ததும் தெர்மாமீட்டர் காட்டுவதும் ஒன்றே.

சர்க்கரை நிறைந்த இனிப்பு கெடாமல் இருப்பதற்குக் காரணம், மிச்சமிருக்கும் தண்ணீரையும் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வது. கிருமிக்கும் பூஞ்சைக்கும் அந்தத் தண்ணீர் எட்டாது. பழனி பஞ்சாமிர்தத்தை நினைத்துப் பாருங்கள். வாழைப்பழம்தான் அதில் முதல் பொருள். ஆனாலும் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமல், நாட்டுச் சர்க்கரையும் தேனும் நெய்யும் சேர்த்துப் பிசைவதால் வாரக்கணக்கில் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பாலின் தண்ணீரை வற்றவைத்த கதைதான். இந்த இரண்டுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவற்றைச் செய்து பழகிய ஊரில் பிறந்த நாம், ஃபட்ஜ் என்று பெயர் மாறியதும் அந்த அறிவை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கண்டென்ஸ்டு மில்க்கும் ஒயிட் சாக்லேட்டும் வைத்துச் செய்யும் எளிய முறையை நான் குறை சொல்லவில்லை. புதிதாகச் செய்பவர்களுக்கு நானும் அதையே கற்றுக்கொடுக்கிறேன். பாலைக் காய்ச்சித் தண்ணீரை எடுக்கும் பெரும் வேலையைத் தொழிற்சாலை முடித்துக் கொடுத்துவிட்டது. பழத்தின் பங்குக்கு உள்ள வேலையை மட்டும் நாம் செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு சமையலறைத் தராசு போதும். முதலில் வெறும் சட்டியின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பழுத்த, நாரில்லாத மாம்பழத்தின் கூழ் 250 கிராம் எடுத்து, வடிகட்டி, அந்த அடிகனமான சட்டியில் சிறு தீயில் கிண்டுங்கள். சட்டி எடை போக 100 கிராம் மிஞ்சும்வரை வற்ற வேண்டும். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும். இப்போது 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 30 கிராம் வெண்ணெய் சேருங்கள். மொத்தம் 530 கிராம் ஆகும். இது 450 கிராமுக்கு வரும்வரை கை எடுக்காமல் கிண்ட வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஆகலாம். நிமிடத்தை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள். ஒவ்வோர் அடுப்பின் தீயும் வேறு. அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து, பொடியாக நறுக்கிய 300 கிராம் ஒயிட் சாக்லேட்டைப் போட்டுக் கரையும்வரை கிளறுங்கள். ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் உங்கள் விருப்பம். மாம்பழத்துக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். பட்டர் பேப்பர் விரித்த 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் 36 துண்டுகள் வரும்.

எடை போட்டுப் பார்ப்பதற்குச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. “கண் பார்த்தால் தெரியாதா, மேடம்?” என்பார்கள். பத்து முறை செய்த பிறகு தெரியும். முதல் முறை செய்வதையே அடுத்தவர் வீட்டுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் தராசை எடுங்கள்.

எல்லாப் பழமும் மாம்பழம்போல் இசைந்து வராது. அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சினால் பால் திரியும். காய்ச்சாத அன்னாசியில் பால் புரதத்தை உடைக்கும் நொதியும் இருக்கிறது. அதனால் கசப்பு தட்டும். இவற்றைத் தனியாகச் சர்க்கரை சேர்த்து ஜாம் பதத்துக்குக் காய்ச்சி ஆறவையுங்கள். பழம் சேர்க்காமல் செய்த வெள்ளைக் கலவையைத் தட்டில் ஊற்றியதும் மேலே நான்கைந்து இடத்தில் வைத்துக் கத்தி முனையால் கோலம்போல் இழுத்துவிடுங்கள். பார்க்கவும் அழகாக இருக்கும்.

இதைவிட எளிய வழி, ஏற்கெனவே தண்ணீர் போன பழத்தைச் சேர்ப்பது. உறைய வைத்து உலர்த்திய ஸ்ட்ராபெர்ரித் தூள் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் ஒரு தட்டுக்கு 15 கிராம் போதும், மணம் தூக்கும். மாம்பழக் கூழைத் தகடாகக் காயவைத்த ஆந்திராவின் மாமிடி தாண்ட்ராவைப் பொடியாக நறுக்கிப் போட்டால் கடிக்கும்போது இடையிடையே புளிப்பு வரும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கன்னியாகுமரிப் பக்கத்துச் சக்கவரட்டி. பலாச்சுளையை வெல்லமும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிச் சுண்டவைத்தது. அதில் நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை. மாம்பழத்துக்குப் பதிலாக 100 கிராம் சேருங்கள். கண்டென்ஸ்டு மில்க்கை மட்டும் மேலே சொன்ன கணக்குப்படி வற்றவைக்க மறக்காதீர்கள்.

நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உண்மையான பழம் சேர்த்த ஃபட்ஜ் வெளிறித்தான் இருக்கும். ஸ்ட்ராபெர்ரி மங்கிய ரோஜா நிறம், கொய்யா இன்னும் மங்கல். புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியவில்லை என்று கடைத்தெருவில் உதிரியாக விற்கும் ரோஸ் பொடியை வாங்கிவந்து கலக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். சாயத் தொழிலுக்கான ரோடமின் பி அதில் இருப்பதாக ஆய்வகத்தில் தெரியவந்ததே காரணம். பெயர் அச்சிடாத பொட்டலத்தில் வரும் பொடி எது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அனுமதி பெற்ற செயற்கை நிறத்துக்கே இனிப்பில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. முக்கால் கிலோ ஃபட்ஜுக்கு 75 மில்லிகிராம். அதை விரல் நுனியால் அளக்க முடியாது. குழந்தைகள் கைக்குப் போகும் பெட்டி அது. வெளிறிய நிறத்தோடே கொடுங்கள்.

குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாகு காய்ச்சாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் தோலில் பட்டால் வழிந்து ஓடிவிடும். சர்க்கரைப் பாகு ஒட்டிக்கொண்டு சுடும். வெப்பமும் தண்ணீரைவிட அதிகம். என் இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைப்பது, பற்பசை, காப்பித்தூள், இங்க் தடவுவது எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக எழும்பினாலும், முகத்திலோ குழந்தைக்கோ பட்டிருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருக்கும்போது துண்டு போடாதீர்கள். அப்படிப்பட்ட காயங்களிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி நஞ்சை உண்டாக்கிவிட்டால், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. ஃபட்ஜ் சரியான பதத்தில் இருந்தால் கிருமி வளராது. தண்ணீர் மிஞ்சினால் வளர இடம் கிடைக்கும்.

தட்டை முதலில் வெளியிலேயே முழுதாக ஆறவிட்டு, பிறகு நான்கு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். வெட்டும் கத்தியைச் சுடுநீரில் முக்குவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு முறையும் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பெட்டியில் அடைத்தால் மூடிக்குள் வியர்க்கும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறந்தாலும் அதே வியர்வை துண்டுகளின் மேல் படியும். எடுத்த பெட்டியை அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வையுங்கள். பெட்டிக்குள் அடியில் செய்தித்தாள் விரிக்க வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே எச்சரித்துவிட்டது.

இனி, நான் எல்லா வகுப்பிலும் பிடிவாதம் பிடிக்கும் ஒன்று: பெட்டிக்குள் ஒரு சீட்டு. நாம் வீட்டில் பரிமாறினால் “இதில் முந்திரி இருக்கிறது” என்று வாயால் சொல்லிவிடுவோம். பெட்டி இரண்டு கை மாறி, எந்த வீட்டில் யார் வாய்க்குப் போகிறது என்பது நமக்குத் தெரியாது. பயிற்சிக்கு வந்த இன்னொருவர் கொடுத்த பெட்டியிலிருந்து ஒரு துண்டு தின்ற பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு உதடு வீங்கி, அவனை இரவோடு இரவாக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். முந்திரித் தூள் இரண்டு கரண்டிதான் போட்டிருந்தார். பையனுக்கு முந்திரி ஆகாது என்பது அவன் அம்மாவுக்குத் தெரியும். அந்த இனிப்பில் முந்திரி இருப்பது தெரியாது.

சீட்டில் செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், சேர்த்த பொருள் எல்லாமே இருக்கட்டும். பால், முந்திரி, பாதாம், வேர்க்கடலை, சோயா என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒயிட் சாக்லேட் உறையைத் திருப்பிப் பார்த்தால் சோயா லெசித்தின் என்று இருக்கும், அதையும் சேருங்கள். தேன் விட்டிருந்தால், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தரக் கூடாது என்று ஒரு வரி. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தடவிப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அடுப்புச் சூட்டில் சாகாது. ஒரு துண்டில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சர்க்கரை நோய் உள்ள மாமா அதைப் படித்துவிட்டுப் பாதித் துண்டோடு நிறுத்தலாம்.

எத்தனை நாள் என்று எழுதுவது? மேலே சொன்ன எடைக்கு வற்றிய ஃபட்ஜுக்கு நான் குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம், மழைக்காலக் குளிர்ச்சியில் வெளியில் மூன்று நாள் என்று எழுதச் சொல்கிறேன். ஒரு துண்டில் பூசணம் தெரிந்தால் அதைச் சுரண்டிவிட்டுத் தின்பதோ, மற்றத் துண்டுகளை வைத்துக்கொள்வதோ வேண்டாம். பெட்டியோடு போகட்டும்.

சித்திரை, வைகாசியில் பஸ்ஸில் எட்டு மணி நேரம் போய்க் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஒயிட் சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவில் உருகிவிடும். அந்த மாதங்களில் பஸ்ஸுக்குள் வெப்பம் அதைத் தாண்டும். பெட்டி திறக்கும்போது நாடா மட்டும்தான் கட்டியபடி இருக்கும். அவர்களுக்கு நான் ஃபட்ஜ் சொல்லிக்கொடுப்பதில்லை. சக்கவரட்டியை ஈரமில்லாத சிறு கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, அதே நாடாவைக் கட்டி எடுத்துப் போகச் சொல்கிறேன்.