புரண்டு படுத்தால் கொடி சுற்றுமா?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முதல் பிரசவம், ஏழு மாதம் முடிந்துவிட்டது. இரவில் புரளும்போதெல்லாம் மாமியார், "கண்ணு, அப்படியே பொரளாத, புள்ளைக்குக் கொடி சுத்திக்கும். எந்திரிச்சு உக்காந்து திரும்பிப் படு" என்கிறாராம். டாக்டரோ இடப்பக்கமாகப் படுக்கச் சொல்கிறார்.

கொடி விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். தொப்புள்கொடி சுமார் 50 செ.மீ. நீளம். பனிக்குட நீரில் குழந்தையே உருண்டு புரண்டு அதைச் சுற்றிக்கொள்கிறது. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அம்மா எப்படித் திரும்பினாலும் இதற்குச் சம்பந்தமில்லை. சிறுநீருக்காகவே இரவில் பலமுறை எழுபவரை இன்னொரு முறை எழுப்பி உட்கார வைத்தால் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

டாக்டர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. முதுகெலும்புக்கு முன்னால் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. இடப்புறம் பெருந்தமனி, வலப்புறம் கீழ்ப்பெருஞ்சிரை. தமனி தடித்த சுவர் கொண்டது, உள்ளே அழுத்தமும் அதிகம். கால்களிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுவரும் சிரையோ மெல்லியது, அழுத்தமும் குறைவு. தோட்டத்தில் இரும்புக் குழாயை மிதித்தால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் பாய்ச்சும் டியூப்பை மிதித்தால் நசுங்கிவிடும் அல்லவா? மல்லாக்கப் படுத்தால் குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் என மொத்தப் பாரமும் அந்தச் சிரைமேல் இறங்குகிறது. இதயத்துக்கு வரும் ரத்தம் குறைய, அது வெளியே தள்ளுவதும் குறைகிறது. சிலருக்குத் தலைசுற்றும், வியர்க்கும், குமட்டும்.

பலருக்கு இந்தத் தொந்தரவு எதுவுமே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முதுகெலும்பை ஒட்டி அசைகோஸ் என்று இன்னொரு சிரை மாற்றுவழியாக இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நிறைமாதக் கர்ப்பிணிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மல்லாக்கப் படுத்தபோது பெருஞ்சிரையில் ரத்த ஓட்டம் வெகுவாகக் குறைய, அசைகோஸில் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. ஆனால் இழப்பு முழுவதையும் அதனால் ஈடுகட்ட முடியவில்லை. சிசேரியன் செய்யும்போது மேசையை இடப்பக்கம் சாய்ப்பதும், வலது இடுப்புக்கடியில் எதையாவது மடித்து வைப்பதும் இதற்காகத்தான்.

28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்த நிலையில் தூங்கப் போனவர்களிடம் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுதலாக இருந்ததென்று நியூசிலாந்து, பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. தனி ஒருவருக்கு அந்த ஆபத்து சிறியதே. வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எந்தப் பக்கமானாலும் சரி, ஒருக்களித்துத் தூங்கப் போங்கள். நடுவில் மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், விழித்ததும் திரும்பினால் போதும்.

நம் ஊரில் பாயிலும், நடுவே குழிந்த கயிற்றுக் கட்டிலிலும் படுக்கிறார்கள். அதில் ஒருக்களித்துக் கிடப்பதே பெரும்பாடு. இவர்களையும் அளந்து பார்க்க நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். அதுவரை முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததுபோலத் தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.