கருவாட்டு மணம் படுக்கையறைக்கு வரும் வழி

வன்னியில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய கல்வீடுகள் பலவற்றில் ஒரு முறைப்பாடு உண்டு: குசினியில் கருவாடு பொரித்தால் படுக்கையறைத் தலையணை மணக்கும். குசினி யன்னல் திறந்துதானே கிடக்கிறது, பிறகேன்?

சில வேளை அந்த யன்னல்தான் காரணம். அசையாத காற்றில் மணத்தின் மூலக்கூறுகள் தாமாகப் பரவி ஓர் அறையைக் கடக்க நாட்கணக்கில் ஆகும். நிமிடக்கணக்கில் வந்துவிட்டால், காற்றோட்டம் சுமந்து வருகிறது என்று அர்த்தம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் இங்கே சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அது மோதும் சுவரில் அழுத்தம் கூடும், மறுபக்கச் சுவரில் குறையும். குசினி யன்னல் சோளகத்தைப் பார்த்திருந்தால், திறந்தவுடன் காற்று உள்ளே புகுந்து, மணத்தையும் அள்ளிக்கொண்டு மறுபக்க யன்னல்களால் வெளியேறும். படுக்கையறை அந்த வழியில் இருக்கிறது, அவ்வளவுதான். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வர எல்லாம் தலைகீழாகும். (அக்கினி மூலையான தென்கிழக்கு இரண்டு காற்றுக்கும் பக்கவாட்டில் விழுகிறது. வாஸ்துக்காரர் இதை நினைத்துத்தான் அங்கே அடுப்பை வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.)

கதவைச் சாத்தியும் மணம் நிற்கவில்லையா? அண்ணாந்து பாருங்கள். சீலிங் அடிக்காத ஓட்டு வீடுகளில் அறைச்சுவர் சில இடங்களில் கூரை வரை போகாது. அடுப்புச் சூட்டில் இலேசான காற்று மேலெழும்பி, ஓட்டுக்குக் கீழே பரவி, ஆறியதும் பக்கத்து அறைக்குள் இறங்கும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் வழி.

காற்றின் போக்கைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். ஃபானை நிறுத்திவிட்டு, சமைக்கும் நேரத்தில் படுக்கையறை வாசலில் பிடியுங்கள். புகை அறைக்குள் சாய்ந்தால், படுக்கையறையில் காற்று வரும் பக்க யன்னலையும் குசினியில் காற்று மோதாத பக்க யன்னலையும் திறந்து, மற்றவற்றைச் சாத்துங்கள். புகை பெரும்பாலும் குசினிப் பக்கம் திரும்பிவிடும். குசினியில் அப்படியொரு யன்னல் இல்லையென்றால் எக்ஸோஸ்ட் ஃபான் பூட்டலாம். ஆனால் அதற்கும் உள்ளே வரக் காற்று வேண்டும். வீட்டை இறுக்கிப் பூட்டிவிட்டு ஓடவிட்டால், அது குளியலறை வடிகால் வழியாகக்கூட இழுக்கும்.

குளியலறை மணம் வேறு கதை. வடிகால் வளைவில் தேங்கும் தண்ணீர்தான் மலக்குழி வாயுவை மறிக்கிறது. அதிகம் பாவிக்காத குளியலறையில் கோடை வெக்கைக்கு அது வற்றிப்போகும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்புறமும் மணந்தால், குழியின் காற்றுக் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.