திண்ணை விளிம்பில் தவழும் பிள்ளைக்கு என்ன தெரியும்?

தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்திருந்த வாசகி ஒருவர் காரைக்குடியிலிருந்து எழுதியிருந்தார். அவரும் கணவரும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ராமநகரத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறப் போய்விடுவார்களாம். இப்போது 11 மாதத்தில் ஒரு மகன். அவனையும் கூடவே கூட்டிக்கொண்டு போக ஆசை. குன்றக்குடிப் படியில் அவனைக் கொஞ்சம் தவழவிட்டுப் பார்த்தபோது அப்பத்தா பதறிப்போய்த் தூக்கிக்கொண்டாராம். "உயரத்தைக் கண்டால் பிள்ளைக்குத் தானாகவே பயம் வந்துவிடாதா சார்? அது பிறவியிலேயே இருக்கிற பயம்தானே?" என்பது அவர் கேள்வி.

அப்பத்தா பதறியதுதான் சரி. அதற்கான காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று.

1960-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயரமான மேசை, அதன்மேல் தடித்த கண்ணாடி. ஒரு பாதியில் கட்டம் போட்ட துணி கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் அடியிலேயே இருக்கும். மறுபாதியில் அதே துணி கீழே தரையில் விரித்திருக்கும். நம் செட்டிநாட்டு வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முற்றத்து விளிம்பில் சட்டென்று முடிந்து, கீழே இன்னொரு தரை தெரிகிறதே, அந்தத் தோற்றம்தான். கிட்டே இருக்கும் கட்டம் பெரிதாகத் தெரியும், ஆழத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும். கண் அதை வைத்து ஆழத்தைக் கணித்துவிடும். 6 முதல் 14 மாதம் வரையிலான 36 பிள்ளைகளை நடுப்பலகையில் விட்டு, அம்மாவை எதிரே நின்று கூப்பிடச் சொன்னார்கள். 27 பிள்ளைகள் நகர்ந்தன. 27-ம் ஒரு தடவையாவது ஆழமில்லாத பக்கம் போயின. அவற்றில் ஆழமான பக்கமும் துணிந்து போனவை 3 மட்டுமே. பிறந்து ஒரே நாளான ஆட்டுக்குட்டியை விட்டார்கள். அது அந்தப் பக்கம் காலையே வைக்கவில்லை.

இதை வைத்துத்தான் 'உயரப் பயம் பிறவிக் குணம்' என்று பாடப்புத்தகங்கள் எழுதின. ஆட்டுக்குட்டிக்கு அது பொருந்தும். பிள்ளைக்குப் பொருந்தவில்லை. தவழத் தெரிந்த பிள்ளைகளைத்தானே சோதித்தார்கள்? தவழாத பிள்ளை என்ன செய்யும்? 1970-ல் ஜோசப் கேம்போஸும் கூட்டாளிகளும் 2 மாதக் கைக்குழந்தைகளை அந்தக் கண்ணாடியின் ஆழமான பக்கத்தில் குப்புறப் படுக்கவைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். பயந்தால் துடிப்பு ஏறும். ஒன்றை உற்றுக் கவனித்தால் இறங்கும். குழந்தைகளின் துடிப்பு இறங்கியது. ஆழம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆர்வமாகவும் இருக்கிறது, பயம் மட்டும் இல்லை.

அப்படியானால் தவழ்ந்து தவழ்ந்து, விழுந்து எழுந்து, பிள்ளை பயத்தைக் கற்றுக்கொள்கிறது என்று முடித்துவிடலாமா? நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நியூயார்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கேரன் அடால்ஃபின் சோதனைகளைப் படித்த பிறகுதான் விஷயம் அதைவிட எவ்வளவோ நுட்பமானது என்று புரிந்தது.

அவர் கண்ணாடியை எடுத்துவிட்டார். மேலே ஒரு சமதளம், கீழே ஒரு சமதளம், நடுவே 0 முதல் 36 டிகிரி வரை சாய்க்கக்கூடிய ஒரு சரிவு. கீழே அம்மா. பக்கத்திலேயே ஓர் ஆராய்ச்சியாளர், விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டியபடி கூடவே வருவார். தவழ ஆரம்பித்ததிலிருந்து நன்றாக நடக்கும் வரை, அதே பிள்ளைகளை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரவழைத்தார். 1997-ல் வெளிவந்த ஆய்வு இது.

தவழத் தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளைகள் எந்தச் சரிவானாலும் தலைகுப்புற இறங்கின. 36 டிகிரியிலும் இறங்கின. அடுத்தடுத்த வாரங்களில் தேறின. விளிம்புக்கு வந்ததும் நின்று, கையை நீட்டிச் சரிவைத் தட்டிப் பார்க்கும், தடவும், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும். முடியும் என்றால் போகும். முடியாது என்றால் உட்கார்ந்துவிடும், இல்லாவிட்டால் திரும்பிக் காலை முதலில் விட்டுச் சறுக்கும். பல மாதம் தவழ்ந்த பிள்ளையின் கணிப்பு, தன்னால் முடிகிற எல்லையோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது.

பிறகு அதே பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியது. கற்றதெல்லாம் போயிற்று. தவழ்ந்தபோது தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்த அதே சரிவில், சமதரையில் நடப்பதுபோல் நேராகக் காலை எடுத்து வைத்தது. அடால்ஃப் இன்னும் ஒரு படி போனார். நடக்கப் பழகிய புதிதில் இருக்கும் பிள்ளையை 36 டிகிரிச் சரிவின் உச்சியில் தவழும் நிலையில் விட்டார். பிள்ளை தயங்கி நின்றது. உடனே தூக்கி, அதே இடத்தில் நிற்கவைத்தார். பிள்ளை நடந்து விளிம்பைத் தாண்டியது. மறுபடி தவழும் நிலை, மறுபடி தயக்கம். அதே பிள்ளை, அதே சரிவு, சில நிமிட இடைவெளி.

உயரத்தைப் பற்றிய பயம் என்று ஒன்றை அது கற்றிருந்தால் நின்றாலும் தவழ்ந்தாலும் பயந்திருக்க வேண்டும். அது கற்றது வேறு. இந்த உடம்பால், இந்த நிலையில், இந்தத் தரையில் என்ன முடியும் என்பதையே அது கற்கிறது. உட்காரும்போது இடுப்பு ஆட்டத்தைச் சமாளிக்கிறது. தவழும்போது மணிக்கட்டும் தோளும். நிற்கும்போது கணுக்கால். எந்தத் தசை, எந்த மூட்டு, எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்ற கணக்கு மூன்றிலும் வேறு வேறு. கண் பார்க்கும் காட்சியும் வேறு. தவழும் பிள்ளை பெரும்பாலும் தரையைத்தான் பார்க்கிறது, எழுந்து நின்றால்தான் அறை முழுக்கத் தெரிகிறது. பல வருடம் டி.வி.எஸ். 50 ஓட்டியவருக்கு எந்தச் சந்தில் நுழையலாம் என்பது கையிலேயே இருக்கும். அவரை முதல் தடவையாக லாரியில் உட்காரவைத்தால் அந்தக் கணக்கு உதவுமா? நடக்கத் தொடங்கும் பிள்ளை அப்படி வண்டி மாறிய ஓட்டுநர்.

இதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் வீட்டுத் திண்ணை நல்ல உயரம். தங்கை மகள் தவழ்ந்த காலத்தில் விளிம்புக்கு வருவாள், குனிந்து கீழே பார்ப்பாள், பிறகு பின்பக்கம் திரும்பி வயிற்றால் வழுக்கி, காலைத் தொங்கவிட்டு இறங்குவாள். பெரிய மனுஷி என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. நடக்க ஆரம்பித்த இரண்டாவது வாரம், அதே திண்ணையில், தெருவில் போன ஐஸ் வண்டி மணியைக் கேட்டு நேராக நடந்தாள். விளிம்பு என்று ஒன்று இருப்பதாகவே அவள் கால் காட்டிக்கொள்ளவில்லை. சட்டையின் பின்பக்கம் என் கையில் சிக்கியது. "பூமாதேவி தாங்கிக்குவாப்பா" என்றார் எங்கள் அப்பத்தா. தாங்கமாட்டாள். திண்ணைக்குக் கீழே இருப்பது கருங்கல் படி, அதில் தலை மோதினால் என்ன ஆகும் என்பதற்கு நம்பிக்கையில் விடை கிடையாது. அந்த வார்த்தையை நம்பிக் கையை எடுத்த வீடுகளும் உண்டு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிள்ளைகளைச் சரிவில் இறக்கிப் பார்ப்பதற்கெல்லாம் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்குடிக்காரர்கள் அப்படிக் கேட்கக்கூடாது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் எடுத்துக் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊருக்கு வந்தது. நாளைக்கே லாபம் வருமா என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சியில் பெரும்பகுதி மேல்நாட்டு வீடுகளில் வளரும் பிள்ளைகளை வைத்து நடந்தது. அடால்ஃபின் கூட்டாளிகள் தஜிகிஸ்தான்வரை போய், தொட்டிலில் கட்டி வளர்க்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள். தூளியில் தூங்கி, நடைவண்டி தள்ளி, வளவிலும் முற்றத்திலும் ஏறி இறங்கும் பிள்ளை எந்த வயதில் எதைக் கற்கிறது என்று அளக்க ஒரு சாய்பலகையும் கேமராவும் பொறுமையும் போதும். இங்கே அதற்கு நிதி கொடுக்க ஆள் முன்வர வேண்டும்.

பாறைக்கு வருவோம். 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் விளையாடும்போது எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: சராசரியாக மணிக்கு 2,368 அடி எடுத்து வைக்கின்றன, 17 தடவை விழுகின்றன. இது விளையாட்டறையில். அடி வைப்பதும் விழுவதும்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம், தரையில் அது நல்லது. பாறை முகட்டில் முதல் விழுகையே கடைசியாகிவிடலாம். வாசகியின் மகன் இன்னும் சில வாரத்தில் நடக்கப்போகிறவன். அவன் தவழ்ந்து சேர்த்த அறிவு கைவிடப்போகும் நேரம் இதுதான். செங்குத்தாக ஏறுவது அவனுக்கு இன்னுமொரு புது நிலை.

இன்னொன்று, பாறை ஏறும் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1985-ல் கண்ணாடி மேசையின் ஆழத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்தார்கள். ஆபத்தா இல்லையா என்று சந்தேகம் வருகிற ஆழம். எதிரே நின்ற அம்மா முகத்தில் மகிழ்ச்சி காட்டியபோது, ஒரு வயதுப் பிள்ளைகள் 19-ல் 14 கடந்து வந்தன. பயம் காட்டியபோது 17-ல் ஒன்றுகூட வரவில்லை. தனக்கு உறுதியாகத் தெரியாத இடத்தில் பிள்ளை அம்மாவின் முகத்தைப் படிக்கிறது. பயிற்சி பெற்ற ஏறுநர்களின் முகத்தில் விளிம்பில் நிற்கும்போதும் பயம் இருக்காது, சிரிப்புதான் இருக்கும். நமக்கு அது தைரியம். நடக்கப் பழகும் பிள்ளைக்கு அது 'வா' என்கிற சொல். ஆகவே விளிம்பிலிருந்து பிள்ளையைச் சிரித்துக் கூப்பிடாதீர்கள். அங்கே நிற்கும்போது பிள்ளை யார் கையிலாவது இருக்க வேண்டும்.

யார் கையில்? ஒருவர் ஏறுகிறார், ஒருவர் கீழே கயிறு பிடிக்கிறார். அப்படிக் கயிறு பிடிப்பதை பிலே என்பார்கள். பிலே செய்பவரின் இரண்டு கையும் கண்ணும் கயிற்றுக்குச் சொந்தம். மூன்றாவதாக ஒரு பெரியவர் இல்லாமல் கைப்பிள்ளையோடு ஏறப் போகாதீர்கள். சித்தப்பாவோ அத்தையோ வரமுடியாத வாரம் வீட்டிலேயே இருங்கள். அந்த மூன்றாமவரும் பிள்ளையோடு பாறையின் நேர் கீழே உட்காரக்கூடாது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஒரு வயதுக்குக் கீழே பிள்ளையின் கழுத்து ஹெல்மெட்டைத் தாங்காது என்பதால், விலகி உட்காருவது ஒன்றே வழி. பெரியவர்களைவிடப் பிள்ளைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் சூடான பாறையின் அனலை வேகமாக வாங்கிக்கொள்ளும். நம் பக்கத்து வெயிலில் காலை 9 மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. திருமயம் கோட்டைப் பாறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அங்கே படி வழியாக மட்டும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். காலை அகட்டி இடுப்பில் உட்காரவைக்கும் நம் வழக்கம் பிள்ளையின் இடுப்பு மூட்டுக்கும் நல்லது.

கொஞ்சம் வளர்ந்து தானே ஏற ஆசைப்படும்போது கயிற்றை மாட்டும் பட்டையான ஹார்னஸை இடுப்பில் போடலாமா என்றும் வாசகி கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு அரைஞாண் கட்டியவர்களுக்கு விடை தெரியும். எவ்வளவு பார்த்துக் கட்டினாலும் அது வயிற்றுக்குக் கீழே இறங்கித்தான் நிற்கும். வயிறு முன்னே தள்ளியிருக்கும், இடுப்பெலும்பு அகலவில்லை, கயிறு தங்க இடமில்லை. பிறக்கும்போது தலை உடம்பின் நீளத்தில் கால் பங்கு, பெரியவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். ஆகவே பிள்ளையின் எடை மையம் மேலே இருக்கிறது. இடுப்பில் கட்டித் தொங்கவிட்டால் தலைகீழாகக் கவிழும், கவிழ்ந்தால் ஹார்னஸிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடலாம். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடித்து, மார்பருகே கயிறு கட்டும் முழு உடல் ஹார்னஸ்தான் சிறு பிள்ளைக்கு வேண்டும். ஐரோப்பியத் தர விதியில் 40 கிலோ வரை உள்ளவர்களுக்கென்று தனி வகையே இருக்கிறது. அரைஞாணில் கோத்த தாயத்தும் கறுப்புக் கயிறும் அழகுக்கு இருக்கட்டும். ஏறும் நாளில் கழுத்தில் கிடப்பதை மட்டும் கழற்றி வையுங்கள், பாறை முனையில் மாட்டி இறுக்கும்.

இப்போது அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு, ஊர்த் திண்ணையிலேயே. பிள்ளைகளுக்கு ஏறுவது எளிது, இறங்குவதுதான் கடினம். பின்பக்கமாக இறங்குவது இன்னும் கடினம், ஏனென்றால் எந்த அம்மாவிடம் போக வேண்டுமோ அந்த அம்மாவுக்கே முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும், தெரியாத இடத்தில் காலை விட வேண்டும். அதனால் கீழே எதிரே நின்று கூப்பிடாமல் அவன் பின்னால் நில்லுங்கள். இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டு, ஒரு காலை மட்டும் மெல்லக் கீழே வழிகாட்டுங்கள். அந்தக் கால்விரல் காற்றில் துழாவிப் படியைத் தொட்டு, உள்ளங்கால் முழுதும் அதில் பதியும்வரை பிடியை விடவேண்டாம். நடக்க ஆரம்பித்ததும் இதையே முதலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.