பதப்படுத்தியதா, புனைந்ததா?

மாவடு ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார் அம்மா. ஏன் என்று கேட்டால், "பதப்படுத்தின சாப்பாடு உடம்புக்கு ஆகாதாம், பேப்பர்ல போட்டிருக்கு" என்கிறார். சொல்லும்போது அவர் கையில் ஒரு சிறுதானிய பிஸ்கட் பொட்டலம். அதைத் திருப்பிப் பார்த்தேன்: மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வெர்ட் சிரப், லெசித்தின், பாமாயில், செயற்கை மணம். சிறுதானியம் எங்கேயோ கடைசி வரிசையில் நிற்கிறது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். எழுதியவர்தான் தப்பாக எழுதியிருக்கிறார்.

'அல்ட்ரா ப்ராசஸ்டு ஃபுட்' என்பதைத்தான் 'அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு', 'அதி பதப்படுத்தப்பட்ட உணவு', 'தீவிரமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு' என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எத்தனையாவது முறை படிக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சொல்லின் கதை சின்னது. 'ப்ராசஸ்' லத்தீனில் 'முன்னே செல்வது' என்ற பொருளில் கிளம்பி, படிப்படியாகச் செய்யும் வேலைக்குப் பெயரானது. 'அல்ட்ரா'வும் லத்தீன்தான். 'அப்பால்' என்று பொருள். இரண்டையும் உணவோடு சேர்த்து அறிவியல் சொல்லாக நிலைநிறுத்தியவர் பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ. 2009இல் எழுதத் தொடங்கினார். அவர் குழு வகுத்த 'நோவா' பகுப்பு உணவை நான்காகப் பிரிக்கிறது. அரிசி, காய், பால், முட்டை முதல் வகை. எண்ணெய், சர்க்கரை, உப்பு இரண்டாவது. உப்பிட்டது, ஊறவைத்தது, டப்பாவில் அடைத்தது மூன்றாவது. நான்காவதுதான் நம் ஆள்: உணவிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றை ஆலையில் கூட்டி, நிறமும் மணமும் ஏற்றிச் செய்தது. 2014இல் பிரேசில் அரசின் உணவு வழிகாட்டியே 'இதைத் தவிருங்கள்' என்று வெளிப்படையாகச் சொன்னது.

அம்மாவின் மாவடு மூன்றாவது வகை. உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர் அளவாகத் தொட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பரணுக்குப் போக வேண்டியது பிஸ்கட்.

சரி, 'பதப்படுத்துதல்' ஏன் இங்கே பொருந்தாது? பதம் என்பது தமிழ்ச் சமையலறையின் உயிர்ச்சொல். பாகு பதம், மாவுப் பதம், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சோற்றுக்கே பதம் என்று ஒரு பழைய பொருள் உண்டு. ஒரு பொருளை அதற்குரிய நிலைக்குக் கொண்டுவந்து, கெடாமல் நிறுத்துவதுதான் பதப்படுத்துதல். வற்றல், வடகம், கருவாடு, உப்புக்கண்டம் எல்லாம் அந்தக் கைப்பக்குவம். ஆம்பூரில் தோலைப் பதனிடுவதும் அதே வேர்தான். பதம் ஒரு புள்ளி. அதில் 'அதிகப் பதம்' என்று ஒன்று கிடையாது. அதிரசப் பாகு பதத்தைத் தாண்டினால் அதை யாராவது 'அதிபதம்' என்பார்களா? பதம் தப்பிவிட்டது என்போம்.

இன்னொன்று. கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருப்பதாலேயே ஓர் உணவு நான்காம் வகைக்குப் போய்விடாது. மூன்றாம் வகையிலும் அதற்கு இடமுண்டு. ஆக, பதப்படுத்தலின் அளவு இங்கே பேச்சே இல்லை. கூடக் குறைய என்று அளக்கும் அடைமொழியைப் போட்டதும் ஊறுகாயும் நூடுல்ஸும் ஒரே ஏணியில் ஏறிவிடுகின்றன.

முன்னோர் இப்படிச் சறுக்கவில்லை. 'அல்ட்ரா வயலட்'டை அதிஊதா என்று எழுதாமல் புற ஊதா என்றார்கள். 'அல்ட்ரா சவுண்ட்' மீயொலி ஆயிற்று. பொருளைப் பார்த்துச் சொல் செய்த காலம் அது. இப்போது அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறார்கள். நேரமில்லையாம்.

'குப்பை உணவு' என்று எழுதுவோர் உண்டு. அது வசவு, விளக்கம் அல்ல. கடைவீதி பஜ்ஜியும் அதில் விழும். 'ஆலையுணவு' எனக்குப் பிடித்திருந்தது, கேட்டதும் புரியும். ஆனால் பால் பாக்கெட்டும் ஆலையிலிருந்துதானே வருகிறது?

நான் எழுதுவது 'புனையுணவு'. புனைதல் என்றால் ஆக்குதல், அலங்கரித்தல், இல்லாததை இருப்பதுபோலக் காட்டுதல். மூன்றும் இந்த உணவுக்குப் பொருந்தும். பழமே இல்லாத பானத்தில் மாம்பழ மணம் வேறென்ன? 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேருக்கு இரண்டு வாரம் புனையுணவும், இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்துப் பார்த்தது. பரிமாறிய தட்டுகளில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழச் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். புனையுணவு நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. இந்தச் செய்தியை 'அதிகம் பதப்படுத்தப்பட்ட' என்று எழுதினால் படிப்பவர் கருவாட்டைத்தான் சந்தேகப்படுவார்.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "பூனை உணவா?" என்றாள் மகள். எங்கள் பூனைக்கு வாங்கும் அந்த மொறுமொறு உருண்டைப் பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்தேன். அதுவும் புனையுணவுதான்.