கொழுந்து பறிக்கும் விரல்களும் பயாலஜிக் ஊசியும்

தை மாத அதிகாலையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் யாருக்கும்தான் விரல் விறைக்கும். அடுப்பருகே கையைக் காட்டினால் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். ஒரு மணி நேரம் கழிந்தும் தூக்குவாளி மூடியைத் திறக்க முடியவில்லை, இரண்டு கையிலும் விரல்மூட்டு வீங்கியிருக்கிறது, வாரக்கணக்கில் இதே கதை என்றால் பழியைப் பனிமேல் போட வேண்டாம். முடக்குவாதமாக இருக்கலாம். மலைக்குளிர் வலியைக் கூட்டும், நோயை உண்டாக்காது.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதுதான் இந்த நோய். அதற்கு ஆள் திரட்டும் புரதங்களில் முக்கியமானது டிஎன்எஃப் ஆல்ஃபா. தேயிலை ஃபேக்டரிச் சங்கு மாதிரி. ஊதினால் ஆள் சேரும். கிருமி நுழைந்தால் அது ஊதத்தான் வேண்டும். முடக்குவாதத்தில் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. கூடிய செல்களால் சவ்வு தடித்து, குருத்தெலும்பும் எலும்பும் அரிபடுகின்றன.

முதலில் கொடுப்பது பெரும்பாலும் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து. பலருக்கு அதுவே போதும். போதாதவர்களுக்குத்தான் பயாலஜிக் எனப்படும் புரத ஊசி. வீக்கத்தைத் தூண்டும் புரதங்கள் பல இருக்கும்போது ஒன்றை மட்டும் அடைத்து என்ன பயன் என்று ஒரு காலத்தில் நிபுணர்களே சந்தேகப்பட்டார்கள். 1992-ல் லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் டிஎன்எஃப்-ஐப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது அடங்கியதும் மற்ற சில புரதங்களும் சேர்ந்து இறங்கின.

அந்த வகையில் பின்னால் வந்த அடாலிமுமாப்பின் மூலக்கூறு மெத்தோட்ரெக்ஸேட்டைவிட 300 மடங்குக்கு மேல் கனமானது. உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கும் புரதம். விழுங்கினால் வயிறு செரித்துவிடும்; அதனால் ஊசிதான், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். புரதம் என்பதால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. கோவையில் வாங்கி மேட்டுப்பாளையம் வெயிலைத் தாண்டி மேலே கொண்டுவர ஐஸ் பெட்டி வேண்டும். ஆனால் ஊசி ஐஸ்மேல் நேராகப் படாமல் துணி சுற்றுங்கள். ‘ஊட்டியே ஃப்ரிட்ஜ்தானே’ என்று அலமாரியில் வைப்பதும் தப்பு. போடுவதற்கு 15–30 நிமிடம் முன் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். குளிர்கிறதே என்று அடுப்பருகிலோ வெந்நீரிலோ வைத்துச் சூடாக்கினால் மருந்து கெடும்.

தொடங்குமுன் இத்தனை டெஸ்ட் எதற்கு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். காரணம் அந்தச் சங்கேதான். என்றோ உடலில் புகுந்த காசநோய்க் கிருமியைச் செல்கள் சூழ்ந்து சிறைவைத்திருக்கும். அந்தக் காவல் கலையாமல் பார்ப்பதும் டிஎன்எஃப். அதை அடைத்தால் கிருமி வெளியேறலாம். நம் நாட்டில் இப்படி உறங்கும் காசநோய் சர்வசாதாரணம். ஆகவே மார்பு எக்ஸ்ரே, மான்டூ என்னும் தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை. கூடவே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களுக்கான டெஸ்ட். உறங்கும் காசநோய் தெரிந்தால் முதலில் அதற்கு மாத்திரை, வழக்கமாக ஒரு மாதமாவது கழித்துத்தான் ஊசி. இந்தக் காத்திருப்பைக் குறுக்கச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள்.

ஊசி போட்ட மறுநாளே விரல் மடங்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு மூன்று மாதம். இந்த இடைவெளியில்தான் ‘ஊசி பழகிட்டா விட முடியாது’ என்ற பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழும். போதைபோல் பழகும் மருந்தல்ல இது. நிறுத்தினால் நோய் திரும்பலாம் என்பதே விஷயம். இதைக் கேட்டுத் தெளிய, ஏற்கெனவே ஊசி போடுகிறவர் ஒருவர் தெரிந்திருப்பது பெரிய பலம். வாதநோய் கிளினிக் நர்ஸிடம் கேட்டால், அப்படி ஒருவரை அவருடைய சம்மதத்தோடு அறிமுகப்படுத்திவைக்கக்கூடும். “அக்கா, மழையில கரண்ட் போனா ஊசிய என்ன பண்ணுவீங்க?” என்று டாக்டரிடம் கேட்கத் தோன்றாததை அவரிடம் கேட்கலாம். மருந்துக் கம்பெனிகளின் உதவித் திட்டம் ஏதும் உண்டா, விலை குறைந்த பயோசிமிலர் (அதே மருந்தைப் போலவே வேறு கம்பெனி தயாரிப்பது) பொருந்துமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

காய்ச்சலோ விடாத இருமலோ இருக்கும் நாளில் மட்டும் அக்காவை விட்டுவிட்டு, ஊசியைத் தொடுமுன் டாக்டருக்கே போன் போடுங்கள்.